செம்புத் தண்ணீரில் பச்சை வெளிச்சம்

வேதியியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் பல்பு. தன்னுடைய மூலக்கூறு ஒளிர்வதால் வந்த செல்லப்பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பல்பு வாங்குவது என்றால் என்ன என்று அவருக்கு ஒரு நாள் தானாக விளங்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

தன்னுடைய மூலக்கூறு என்பதும் அவர் சொல்லிக்கொள்வதுதான். அவர் சோதனைக் குழாயைக் கடைசியாகக் கையில் பிடித்தது ஒரு புகைப்படத்துக்காக. மூலக்கூறைச் செய்தவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. தண்ணீரில் காப்பர் அயனி துளியூண்டு இருந்தாலும் போதும், அது புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். காப்பர் இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்தது. அந்தத் துறையில் அப்படிச் சொல்லத்தக்க ஜீவன்கள் குறைவு. பல்பு அதற்குத் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டினார்.

அந்தக் கல்வி நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலி காலியாக இருந்தது. தேர்வுக் குழுவின் கண்முன்னே மூலக்கூறை ஒளிரவைத்துவிட்டால் நாற்காலி தனக்குத்தான் என்பது பல்பின் கணக்கு. அதன் அகலத்துக்கு ஒரு மெத்தைகூடத் தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

குழு வரும் அன்று காலை மாணவி இரண்டு பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இது டிஸ்டில்டு வாட்டர் சார், ஒளிராது. இதுல மயில்துத்தம் கரைச்சிருக்கேன், காப்பர் உப்பு. இது ஒளிரும்.”

“எவ்வளவு போட்டே?”

“ஊசி முனையளவு சார். அதுவே ஜாஸ்தி.”

“என்னம்மா இது, கண்ணுக்கு மருந்து விடற மாதிரி! அள்ளிப் போடு. கடைசி வரிசைக்கும் தெரியணும்ல?”

அள்ளிப் போட்டாள். அடுத்து அவர் தன் பையிலிருந்து பளபளவென்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

“டிஸ்டில்டு வாட்டர்ல என்ன கெத்து இருக்கு? நான் தினம் குடிக்கிற தண்ணிய ஊத்து. நம்ம மச்சான் கம்பெனி பாட்டில்.”

“சார், அது செம்பு பாட்டில்.”

“அதான் சொல்றேன், செம்பு! உடம்புக்கு அவ்வளவு நல்லது.”

“இல்ல சார், ராத்திரி பூரா அதுல தண்ணி கிடந்தா…”

“நீ சும்மா இரும்மா.”

அந்தத் தண்ணீரையே பீக்கரில் ஊற்றி வைத்தாள். பல்பின் மண்டைக்குள் இரண்டு அறைகள். ஒன்றில் காப்பர் இருந்தது: ஆபத்து, ஆய்வுக் கட்டுரை, நிதி. மற்றதில் செம்பு: ஆரோக்கியம், வீடு, மச்சான். இரண்டும் ஒரே சரக்கு என்று அறிவிக்க நடுவில் ஒரு கதவு வேண்டும். அதைப் போட அவருக்கு இத்தனை வருஷம் நேரம் கிடைக்கவில்லை.

அரங்கத்தில் முன்வரிசையில் குழுத் தலைவர் தூக்கத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பல்பின் மனைவி, அவள் தம்பியான மச்சான். அவன் கொண்டுவந்திருந்த பாட்டில் பெட்டி ஒவ்வொன்றிலும் பல்பின் சிரித்த முகம் அச்சாகியிருந்தது.

“இப்ப என்னோட சுத்தமான குடிதண்ணியைப் பாருங்க. இருட்டாவே இருக்கும்!” என்று பல்பு மூலக்கூறைச் சொட்டினார். விளக்கை அணைத்தார்கள். புற ஊதா விளக்கு எரிந்தது.

சுத்தமான குடிதண்ணீர் இளம்பச்சையாகச் சிரித்தது.

மாணவி கூரையைப் பார்த்தாள். பல்பின் மண்டைக்குள் கதவு படீரென்று திறந்தது. பாட்டிலிலிருந்து செம்பு இறங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலி கிடைக்கும், ஆனால் வீட்டுக்குள் நுழைய முடியாது. மூலக்கூறு பொய் என்றால் வீடு தங்கும், நாற்காலி போகும். உண்மையைத் தவிர வேறெதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவர் அவர்.

“பார்த்தீங்களா! சுத்தம்னா எப்படி ஜொலிக்குது!”

குழுத் தலைவர் கண்விழித்தார். “ஓ, இருட்டா இருக்கும்னு சொன்ன மாதிரி காதுல விழுந்துது. பச்சைன்னாதான் சுத்தமா? சிக்னல் மாதிரி?”

“அதேதான் சார்.”

“அந்த இன்னொண்ணு?”

மாணவி அதை மேசைக்கு அடியில் தள்ளப் பார்த்தாள். தலைவர் விடவில்லை. மூலக்கூறு விழுந்ததும் அது வெறிபிடித்த மாதிரி எரிந்தது. முன்வரிசைப் பற்கள் எல்லாம் பச்சையாயின.

“அடேயப்பா! இது அதைவிட சுத்தமா இருக்கே!”

“ஆமா… சார். அதிசுத்தம்.”

மச்சானுக்கு வியாபாரப் புத்தி துள்ளியது. கைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். “மாமா, அந்த அதிசுத்தத்துல ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க மாமா! நான் வீடியோ எடுக்கறேன்.”

குழு கைதட்டியது.

“சார், வேண்டாம் சார்,” என்றாள் மாணவி.

“நீ சும்மா இரும்மா,” என்றார் பல்பு. இந்த முறை அது கெஞ்சல் மாதிரிக் கேட்டது. தைக்கக் கொடுத்த மெத்தையை நினைத்துக்கொண்டு மடக்கென்று விழுங்கினார்.

மயில்துத்தத்துக்கும் தெரிந்த வேலை ஒன்றுதான். உள்ளே போனால் வெளியே தள்ளும். பல்பு புன்னகையால் அதை அடக்கப் பார்த்தார், இரண்டு கையாலும் பார்த்தார். பிறகு எல்லாம் மேசைமேல், உரைத்தாள்கள்மேல், தலைவரின் ஷூமேல் வந்து விழுந்தது. விழுந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. வயிற்றுக்குள் போய்த் திரும்பியும் மூலக்கூறு கடமை தவறவில்லை. கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாமா என்று மாணவி யோசித்தாள்.

தலைவர் ஒரு காலைத் தூக்கி, ஒளிரும் ஷூவை உற்றுப் பார்த்தார்.

“பேராசிரியரே, இதுவும் சுத்தமா?”

“சு… சுத்தம் சார்.”

“நல்லது. அந்த நாற்காலியும் உங்களுக்கு சுத்தமா இல்ல.”

இருட்டில் மச்சான் அக்காவிடம் கிசுகிசுத்தான். “அக்கா, மாமா செம பல்பு வாங்கிட்டாரு.”

“அது கிடக்கட்டும்டா. வீடியோவுல பாட்டில் தெளிவா விழுந்திருக்கா?”