கீழே ஓடும் எண்

அம்சவல்லி அப்பாவின் ஆள்காட்டி விரலை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். மலைக்குளிரில் விரல் சில்லிட்டுப் போனால் ஆக்சிஜன் பார்க்கும் மெஷின் எதையும் காட்டாது, வெறும் கோடுதான் வரும். சூடேற்றிவிட்டுத்தான் விரலில் மாட்ட வேண்டும் என்று நர்ஸ் தேவயானி சொல்லிக் கொடுத்திருந்தாள். "மேல வர்ற நம்பரு காத்துங்கக்கா, கீழ வர்றது நெஞ்சு துடிக்கிறது."

விரல் சூடானதும் மாட்டினாள். மேல் எண் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நுரையீரல் பாழாகிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அப்பா கோபால்சாமியிடம் மிச்சமிருந்தது ஒரே கேள்விதான்.

"ஆனந்தன்... வந்துட்டானா?"

"மலை ஏறிட்டாம்பா. தோ, வந்துடுவான்."

தம்பி செங்கத்திலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கும்வரை அப்பா தாங்க வேண்டுமே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அப்பா ஒரு மூச்சை இழுத்தார். விட்டார். அடுத்தது வரவில்லை.

"ஐயோ அண்ணா, போய்ட்டியா!" கால்மாட்டில் இருந்த வடிவு அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

"கம்னு இரு அத்தே! இன்னும் ஓடுது."

"இன்னாடி ஓடுது?"

கீழ் எண் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு நின்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். உள்ளே நெஞ்சு அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பொழுது சாய்ந்த பிறகும் சாமைக் கொல்லையை விட்டு வராத அப்பாவைப் போல. யார் சொல்லி ஓடுகிறது இது? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பிடத் தோன்றியது. அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்தாள்.

வாசலில் பைக் நின்றது. ஆனந்தன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்தான்.

"அப்பா, வந்துட்டேம்பா. நான்தாம்பா."

எண் அணைந்தது. திரும்ப வந்தது. கொஞ்சம் ஏறியது போலக்கூட இருந்தது. பிறகு கோடு மட்டும் நின்றது.

"இன்னாக்கா, ஒண்ணுமே காட்டல?"

அம்சவல்லி மெஷினைக் கழற்றிப் பாயில் வைத்தாள். அத்தை அழவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெரலு சில்லுனு கீதுடா," என்றாள் அம்சவல்லி.

அப்பாவின் விரலை உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். ஆனந்தன் அவளைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்த அப்பாவின் விரல்களை அவனும் தேய்த்தான்.