எண் நான்கில் உப்பு அதிகம்

1

இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு வாரப் பத்திரிகை தன் சுற்றுலாச் சிறப்பிதழுக்கு, 'மலையேறுவோர்க்கு ஏற்ற மாமிசத் தின்பண்டங்கள்' என்று இரண்டு பக்கத்தில் நகைச்சுவையாக ஏதாவது கேட்டிருந்தது. எனக்கு மாமிசம் தின்ற அனுபவம் நிறைய உண்டு. மலையேறிய அனுபவம் ஒரே ஒரு தடவை. இரண்டும் 1983 ஜனவரியில் ஒன்றாகச் சேர்ந்து வாய்த்தன. அதை எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று உட்கார்ந்தேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய விஷயம்தானே, கசப்பு போயிருக்கும் என்று நினைத்தேன்.

[மலையேறுகிறவனுக்கு முதல் தேவை கால். அடுத்த தேவை கறி.]

இப்படித் தொடங்கினேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

[சங்கரன்கோவிலில் மலை கிடையாது. ஆகவே அங்கே ஒரு மலையேற்றக் கழகம் தொடங்கப்பட்டது.]

இது இருக்கட்டும். பொய் இல்லை. எங்கள் ஊரில் கரிசல் இருக்கிறது, விசைத்தறிச் சத்தம் இருக்கிறது. மலை வேண்டுமென்றால் மொட்டை மாடியில் ஏறி, புளியங்குடிப் பக்கம் மேற்கே பார்க்க வேண்டும். நீலமாக, நமக்குச் சம்பந்தமில்லாதது மாதிரி நிற்கும்.

2

கழகத் தலைவர் கோமதிநாயகம். மூன்று விசைத்தறிக் கூடங்களுக்கு முதலாளி. ஊட்டிக்குப் போய்வந்த நாளிலிருந்து காக்கி அரைக்கால் சட்டை, முனையில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி. தேரடிக்குக் காப்பி குடிக்க வரும்போதும் அந்தத் தடியோடுதான் வருவார், வழியில் சரிவு ஏதும் வந்துவிடுமோ என்பது போல. பொருளாளர் சங்கரபாண்டியன், பருத்தி வியாபாரி. செயலாளர் நான், பள்ளிக்கூடத்தில் கிளார்க், கையெழுத்து நன்றாக இருக்கும். மற்ற மூவரில் மன்சூர் அலியை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கடையநல்லூர்க்காரர், துபாயிலிருந்து விடுமுறையில் வந்தவர். "அங்கன மணலாப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, அண்ணாச்சி. பச்சையா எதையாச்சும் காட்டுங்க" என்று சேர்ந்தார்.

குடியரசு தினத்தன்று உச்சியில் கொடியேற்றுவது என்று தீர்மானம். தலைவர் முழங்கினார்: "மலையுச்சியில் மேல்சாதி கீழ்சாதி கிடையாது! அங்கே எல்லோரும் ஒரே உயரம்!" கைதட்டினோம். நான் அதைக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

(கோமதிநாயகத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவரைக் கெட்டவராக எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் தறிகாரர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் முதல் ஆளாகப் போய் நின்று மொய் எழுதுவார். எல்லாத் தெருவுக்கும் போவார். அங்கே சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

3

என்ன தின்பது என்ற கேள்வி வந்தது. தலைவர் ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் படம் பார்த்திருந்தார்.

"நடக்க நடக்கச் சதை கரையும்வே. கரையுத சதைக்குச் சதையப் போடணும். அதுக்குப் பேருதான் புரோட்டீன். பன்னும் வாழப்பழமும் தின்னுட்டு மலை ஏற முடியாது."

கருவாடு, நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தள்ளுபடியானது.* மன்சூர் அலி துபாய் டின் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"உள்ள என்ன மிருகம்னு எழுதியிருக்கா?" என்றார் தலைவர்.

"எழுதியிருக்கு. அரபியில."

"உமக்கு அரபி தெரியும்லா?"

"ஓதத் தெரியும். டின்ன ஓதிப் பாத்ததில்ல."

* யாரிடம் காட்டிக்கொடுக்கும் என்று விளங்கவில்லை. மலையில் குரங்குகள்தான் இருந்தன.

கடைசியில் உப்புக்கண்டம் ஜெயித்தது. ஆட்டுக்கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் காயப்போடுவது. எல்லா வீட்டுப் புழக்கடையிலும் தொங்குவதுதான். யார் வீட்டில் செய்வது என்பதில்தான் சிக்கல். ஆறு உறுப்பினர், ஆறு மனைவிமார். எந்த வீட்டைச் சொன்னாலும் மற்ற ஐந்து வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே தலைவர் ஒரு நீதிமுறை கண்டுபிடித்தார். கறிக்கடை தாவூதிடம் ஒரே ஆடு. வீட்டுக்கு ஒரு கிலோ. உப்பு கூட ஒரே மூடையிலிருந்து. காய்ந்ததும் ஆறு பொட்டலம் வரும். பெயர் கிடையாது, எண் மட்டும். பட்டியலை நான் உறையில் வைத்து அரக்கு முத்திரை போட வேண்டும்.

ருசிபார்த்த நாள் மறக்காது. தலைவர் கண்ணை மூடி எண் ஒன்றைக் கடித்தார். துப்பினார். "எவவே இதச் செஞ்சா? செருப்பு கூட இதுக்கு மெதுவா இருக்கும்."

பிறகு எண் நான்கு. அது மட்டும் கட்டியாக இல்லை. தணலில் வாட்டி, இடித்து, நார் நாராகப் பிரித்து ஓலைக்கொட்டானில் இருந்தது. அள்ளி வாயில் போட்டு நடக்கலாம்.

"ஆகா!" என்றார் தலைவர். "உப்பு அளந்து வச்ச மாதிரி இருக்கு. இதுதாம்வே புரோட்டீன்!" இன்னொரு பிடி அள்ளினார்.

ஆறு வாக்கும் நான்குக்கு. முத்திரையை உடைத்தோம். ஒன்று, தலைவர் வீடு. நான்கு, சங்கரபாண்டியன் வீடு. சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், பிள்ளை பெற்றவர் மாதிரி.

[அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் அன்று தெரிந்திருக்க]

5

மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்திருப்பது அச்சுக்கோப்பவர் தவறல்ல. நான்கைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கழக மலரில் போட, செய்முறையை எழுதிவரும்படி என்னை அனுப்பினார்கள். சங்கரபாண்டியன் மனைவி முப்பிடாதியம்மாள் நிலைப்படியிலேயே நிறுத்திக் கேட்டாள்:

"நானா? மார்கழி பொறந்தா நான் கவிச்சியத் தொடுவனா? தொழுவம் கூட்டுதாள்லா தங்கத்தாய், அவகிட்டக் குடுத்து விட்டேன். அவ வீட்டுல செஞ்சு கொண்டாந்தா. ஏன், கெட்டுப்போச்சா?"

வருடா வருடம் மார்கழியில் அந்த வீட்டில் நடக்கிற வழக்கம் இது. ஆண்களுக்குக் கறி வேண்டும், அம்மாள் தொடக்கூடாது. கறி காலனிக்குப் போகும், கொட்டானில் திரும்பி வரும், தை பிறந்ததும் வீட்டுப் பண்டமாகிவிடும். சங்கரபாண்டியன் பத்து வருடமாகத் தன் வீட்டு ருசி என்று நினைத்துத் தின்றிருக்கிறார்.

தங்கத்தாய் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் செய்த எண் நான்குதான் ஜெயித்தது என்று வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"இதுல என்ன எழுதக் கிடக்கு, அய்யா? கறிய வெரக்கடை தடிமனுக்கு மேல வெட்டக் கூடாது. பெரிய வீட்டுக்காரவுக எடுப்பா இருக்கணும்னு தடிமனா வெட்டுவாக, உள்ள ஈரம் நிக்கும். மேல பாத்தா காஞ்சிருக்கும், உள்ள புழுத்துப் போவும். பொழுது அடைஞ்சா எடுத்துரணும், மார்கழிப் பனி ஆவாது."

எழுதினேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அச்சுப் போடுவீகளா?"

"ஆமா."

"எம் பேரும் போடுவீகளா? அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எம் பேர எங்கயும் வாசிச்சதில்ல. ஓட்டு லிஸ்டுல கூட எம் வீட்டு நம்பர்ல வேற யாரோ ஒருத்தி பேரு கிடக்கு."

"போடுதேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

இந்தக் கதையில் யாருக்கு என்ன போய்விடும் என்று கேட்டீர்களானால், இதுதான். ஒருத்தியின் பெயர், ஒரு வரியில்.

6

கழகத்தில் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், மடையன். ஐந்து பேரும் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்கள். பதினைந்து நாளுக்கு முந்தைய ருசி அங்கே எங்கேனும் ஒட்டியிருக்கிறதா என்பது போல.

தலைவர் முதலில் பேசினார். "உப்பு கொஞ்சம் தூக்கல்தான். என்ன, சங்கரபாண்டியன்?"

சங்கரபாண்டியன் தரையைப் பார்த்தார். "ஆமா. தூக்கல்தான்."

"அன்னைக்கு அளந்து வச்ச மாதிரின்னீக?" என்றார் மன்சூர் அலி.

"அன்னைக்கு நாக்குல பித்தம்வே."

"ஒரே ஆடு அண்ணாச்சி. ஒரே மூடை உப்பு."

"கை வேறல்லா?" என்றார் தலைவர்.

மன்சூர் அலி டின்னை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மலைக்கு வரவில்லை. நான் குறிப்பேட்டில் எழுதினேன்: 'எண் 4, உப்பு அதிகம் என்பதால் விலக்கப்பட்டது. எண் 1 தேர்வு செய்யப்பட்டது.' கையெழுத்து வழக்கம்போல அழகாக விழுந்தது.

மலைப்படலத்தைச் சுருக்கிவிடுகிறேன். [காலைக் கதிரவன் பொற்கரங்களால் சிகரத்தை] வேண்டாம். தலைவர் காந்தமுள் பார்த்து வழி சொன்னார். உச்சி வரவில்லை, ஒரு பள்ளம் வந்தது. அங்கே ஒரு பாறைமேல் கொடியேற்றி, இதுவே உச்சி என்று அறிவித்தோம். இறங்கவும் வழி தெரியவில்லை. இரவை அங்கேயே கழித்தோம். முதல் நாள் யாரும் தொடத் துணியாத எண் ஒன்றின் பொட்டலத்தை மறுநாள் காலையில் பிரித்தால், எடுப்பான துண்டுகள், நடுவில் வெள்ளையாக நெளிந்தன. இருபத்து நான்கு மணி நேரமாகப் பச்சைத் தண்ணீர் மட்டும்.

சங்கரபாண்டியன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். பத்து வருட நாக்கு, விடுமா? மடியில் ஓலைக்கொட்டான்.

தலைவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்த நம்பருவே?"

"நாலு."

"நம்பர் போதும்" என்றார் தலைவர். கையை நீட்டினார்.

ஐந்து பேரும் தின்றோம். கொட்டானின் மூலையில் ஒட்டியிருந்த தூளைத் தலைவர் விரலால் துடைத்து எடுத்தார். அந்தத் தெம்பில்தான் நடந்தோம். மாலைக்குள், விறகெடுக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்து வழிகாட்டி இறக்கிவிட்டார்கள். ஊர் எல்லையில் தலைவர் சொன்னார்: "மலையில நடந்தது மலையோட."

7

மலர் தயாரானது. பதினாறு பக்கம். அவள் பெயரை எழுதித்தான் கொண்டுபோனேன். தலைவர் படித்துவிட்டுக் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. என் தோளில் கைபோட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லவே. அவ பேரப் போட்டா நாளைக்கு அவளுக்குல்லா சங்கடம்? நாலு பேரு நாலு விதமாக் கேப்பான். சங்கரபாண்டியன் வீட்டுல வேல நிக்குமா? அவளக் காப்பாத்துத பொறுப்பு நமக்கு இல்லயா?"

எவ்வளவு கருணை! நானே அவர் பேனாவை வாங்கி அடித்தேன். 'தலைவர் இல்லத் தயாரிப்பே எங்கள் உயிர் காத்தது' என்று அச்சாயிற்று. எண் நான்கில் உப்பு அதிகம் என்ற குறிப்பேட்டு வரியும் கூடவே அச்சாயிற்று.

அவள் ஒரு மலரைச் சங்கரபாண்டியன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை எழுத்துக் கூட்டி வாசித்திருக்கிறாள்.

"ஆடு குடுத்த பாய் பேரு இருக்கு" என்றாள். "கயித்துக்கடைக்காரரு பேரு இருக்கு. போட்டாப் புடிச்சவரு பேரு இருக்கு. எம் பேரு எந்தப் பக்கம், அய்யா?"

மறுபடி பக்கங்களைப் புரட்டினாள்.

"நாலாம் நம்பருல உப்பு அதிகம்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சு சரியாத்தான் போட்டேன்." மலரை மூடினாள். "பேர எழுதினா உப்பு கூடிருமோ?"

மலரை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பத்திரிகைக்கு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அடுத்த குடியரசு தினத்தில் தலைவர் மனம் திருந்தி அவளுக்குப் பொன்னாடை போர்த்துகிறார். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.)

ஆ) அவள் மலரைக் கிழித்துத் தலைவர் முகத்தில் எறிகிறாள். (எறிந்தால் நமக்கெல்லாம் ஆறுதலாக இருக்கும். நமக்கு ஆறுதல் தருவது அவள் வேலையா?)

இ) அடுத்த மார்கழியில் வந்த கறியை உப்பே இல்லாமல் காயப்போட்டு, மொத்தத்தையும் புழுக்க விடுகிறாள். (எனக்குப் பிடித்தது.)

நடந்தது எதுவுமில்லை. அடுத்த மார்கழியிலும் கறி வந்தது. சரியான உப்போடு செய்து கொடுத்தாள். கழகம் இன்னும் மூன்று வருடம் அதைத் தின்றுவிட்டு, முழங்கால் வலியால் கலைந்தது.

4

இங்கே வர வேண்டியது அவள் பெயர்.

அதுதான் மேலே பல இடத்தில் இருக்கிறதே என்பீர்கள். இல்லை. தங்கத்தாய் என்பது நான் வைத்த பெயர். கோமதிநாயகம் கோமதிநாயகம்தான், சங்கரபாண்டியன் சங்கரபாண்டியன்தான். பெரிய மனிதர்கள், வசவானாலும் தங்கள் பெயர் அச்சில் வந்தால் பத்துப் பிரதி வாங்குவார்கள். அவள் பெயரை மட்டும் மாற்றினேன். முதல் வரைவிலேயே, கை தானாக மாற்றிவிட்டது. ஏன் என்று என்னையே கேட்டேன். அவள் இன்னும் அந்தத் தொழுவத்தில்தான் வேலை பார்க்கிறாள், பெயரைப் போட்டால் அவளுக்குத்தானே சங்கடம், அவளைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இது என் வாக்கியம் அல்ல. யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

அடித்து எழுதினேன். திரும்ப அடித்தேன். சங்கரபாண்டியன் மகனுக்கு என் மகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது.

செய்முறை: உப்புக்கண்டம், மலைக்கு ஏற்றது. தயாரித்தவர்:

. . . . . . . . . . . . . . . . . . . .

இடம் விட்டிருக்கிறேன். ஒரு பெயர் தாராளமாகப் பிடிக்கும். உங்கள் வீட்டுப் புழக்கடைக்குக் கொட்டானோடு வந்துபோகும் ஒருத்தி இருப்பாள். அவள் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், இன்றைக்கு அவள் வரும்போது கேட்டு எழுதுங்கள்.

எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதவில்லை.