கிறகோரி ஒட்டினால் அசையாது

குருநகரில் கிறகோரி ஒட்டிய படகு மறுபடி ஒழுகியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்ல யாராவது வாயெடுத்தாலும் கிறகோரி விடமாட்டார், அது வேறு விஷயம். கல்லில் மோதிப் பிளந்த பைபர் படகை இழுத்து வந்து அவருடைய கொட்டிலடியில் போட்டால், கண்ணாடி நார்த்துணியை அளவாக வெட்டி வைத்து, ரெசின் பசையில் இறுக்குகிற மருந்தைக் கலந்து பூசி, காய்ந்ததும் அரத்தாளால் உரஞ்சி, மூன்றாம் நாள் உள்ளங்கையால் தட்டிக் காட்டுவார். "இனி உது அசையாது" என்பார். முப்பது வருசமாக அதே வசனம். பெருமைக்காரர்தான். ஆனால் வேலையும் அப்படித்தான் இருந்தது, ஆகவே ஊர் பொறுத்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன ஒக்ரோபர் மாதம் இரண்டு பழைய ஸ்பீக்கர்ப் பெட்டிகளிடம் மூக்குடைபட்டார்.

எல்லாம் அவருடைய மனைவி கத்தரீனாவின் நீரிழிவில், ஊர்ப்பேச்சில் சீனி வருத்தத்தில், தொடங்கியது. மருந்து எடுக்கிறாள். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்கிறாள். அவளுடைய சோற்றுக் கோப்பையைக் கண்ட கிறகோரி அதை நம்பவில்லை. ஓகஸ்ற் மாதக் கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். கத்தரீனா அதற்கென்றே கறுப்பில் பெரிய குடையொன்று வாங்கினாள்.

குருநகரில் ஒரு காரணமும் இல்லாமல் றோட்டில் நடக்கிற பெண்ணை யாரும் சும்மா போகவிடுவதில்லை. முதல் நாள் மட்டும் பதினொரு பேர் "எங்கை போறியள்?" என்று கேட்டார்கள். "சும்மா" என்ற பதில் ஒருவருக்கும் போதவில்லை. இரண்டாம் நாள் ஒருத்தி, கத்தரீனா ஆட்டைத் தேடுகிறாள் என்று நினைத்துத் தானும் வேலிக்கு வேலி எட்டிப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தாள். மூன்றாம் நாள் கோயிலடியில் செய்தி வேறு மாதிரிப் போய்விட்டது: கிறகோரியோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டாளாம். நாலாம் நாள் குடை ஆணியில் தொங்கியது.

கிறகோரி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு வரவில்லை. போன வருசம் கத்தரீனாவின் தமக்கைக்கு இதே வருத்தத்தால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்று அவவை ஓட்டோவிலிருந்து தூக்கி இறக்கியவர் கிறகோரிதான். பாரம் குறைந்திருந்தது கையில் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவில்லை. கத்தரீனா கிணற்றடியில் கால் கழுவும்போதெல்லாம் அவருடைய கண் அவளுடைய பாதத்தில்தான் நிற்கும். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "செருப்பைப் போட்டுக்கொண்டு திரியன்" என்று ஏசிவிட்டுப் போய்விடுவார்.

கத்தரீனாவும் இலேசில் விடுகிற ஆள் அல்ல. கடற்கரையோரம் மீனவர்கள் கிழிந்த வலை பொத்துகிற வாடி ஒன்று, தகரக் கூரைக் கொட்டகை, பின்னேரங்களில் வெறுமையாகக் கிடந்தது. தன்னைப் போன்ற சீனிக்காரிகள் பத்துப் பேரைச் சேர்த்தாள். போனில் துள்ளல் தாளப் பைலாப் பாட்டைப் போட்டுவிட்டுக் கையைக் காலை வீசி முக்கால் மணித்தியாலம் ஆடினார்கள். கூரைக்குக் கீழே நின்று ஆடுகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்பது?

ஆனால் வாடிக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற இடம் இருந்தது. நாலு மணிக்கு அந்த எஞ்சின் தொடங்கினால் போன் வாயைத் திறப்பது மட்டும்தான் தெரியும். தாளம் கேட்காமல் ஆளுக்கொரு பக்கம் ஆடினார்கள். ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் தாடையில் பட்டு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பதினொரு பேர் ஏழாகி, ஏழு நாலானது. பக்கத்து வீட்டு லவீனாவே ஒருநாள் வேலியடியில் நின்று சொல்லிவிட்டாள்.

"கோவிக்காதையுங்கோ அக்கா. பாட்டுக் கேட்டால் கால் தன்ரைபாட்டிலை ஆடும். கேக்காட்டில் விசரியள் மாதிரிக் கிடக்கு. சனிக்கிழமையோடை நான் ஆட்டத்தை நிப்பாட்டுறன்."

"நீ நிண்டால் மற்றவளவையும் நிண்டுடுவாளவை" என்றாள் கத்தரீனா. "பேந்து நானும்தான்."

கொட்டிலுக்குள் இருந்த கிறகோரிக்கு இது கேட்டது. பாட்டுக் கேட்டால் அவள் ஆடுவாள், ஆடினால் கால் தப்பும். அவருடைய கணக்கு அவ்வளவுதான். புதிதாக வாங்க வழியில்லை. அந்த மாதம் முழுக்கக் காற்று, கடலுக்குப் போகாத படகு உடைவதுமில்லை. ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு விசாரித்துத் திரிந்தார். சுண்டுக்குளியில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒஸ்ரேலியாவில் இருக்கிற பிள்ளைகளிடம் போகிற ஒருவர், முழங்கால் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பெட்டி நல்ல பலகை. உள்ளுக்குச் சுத்திவர இருக்கிற ஸ்பொஞ்சுதான் உக்கிப்போச்சு" என்று உள்ளதைச் சொன்னார். கிறகோரி இரண்டு பெரிய பாரைக் கருவாட்டையும் கொஞ்சக் காசையும் கொடுத்துப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டினார். பாட்டைப் பெருப்பிக்கிற அம்பிளிபயரை, ஓட்டோவுக்குப் புதுசு பூட்டியதால் தன்னிடம் சும்மா கிடக்கிறதென்று ஓட்டோக்காரத் தேவராசா தந்தார். கரண்டுக்குப் படகு பற்றரி இருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தார். நடுவில் கறுப்புக் கடதாசிக் கூம்பு. அதன் ஓரத்தையும் வெளியே இருந்த இரும்பு வளையத்தையும் இணைத்திருந்த ஸ்பொஞ்சு, விரல் பட்டதும் காய்ந்த பாண் துண்டு மாதிரி உதிர்ந்தது. ரவுணுக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தார். அந்த ஸ்பொஞ்சு தனியாக வராது, முழு ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டுமென்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வெளியே வந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. இரண்டு பொருளுக்கு நடுவில் இடைவெளி. இதைத்தானே முப்பது வருசமாக ஒட்டுகிறோம்.

ஒரு பெட்டியை முதலில் எடுத்தார். இருக்கிறதில் மெல்லிய நார்த்துணியை வளையமாக வெட்டி, ரெசின் பூசி, காய்ந்ததும் உரஞ்சி மினுக்கினார். கூம்பும் இரும்பும் ஒரே உடம்பாகிவிட்டன. கத்தரீனாவைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார்.

"இனி உது அசையாது."

மற்றப் பெட்டி இன்னும் ஓரம் கிழிந்தபடியே இருந்தது. எவ்வளவு திறமாகத் திருத்தியிருக்கிறார் என்று அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று இரண்டையும் பற்றரியில் கொளுவிப் பாட்டைப் போட்டார். கிழிந்த பெட்டி கறகறத்தது, பறபறத்தது, ஆனாலும் உள்ளேயிருந்து தாளம் "டும் டும்" என்று வந்தது. கிறகோரி திருத்திய பெட்டி, மூக்கடைத்தவன் தலையணைக்குள் கதைக்கிற மாதிரி என்னவோ முனகியது.

வயரைக் குற்றம் சொன்னார். பற்றரியைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். "தேவராசா பழுதானதைத் தள்ளிவிட்டிட்டான்" என்று இல்லாத மனிதரை ஏசினார். வயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். முனகல் அதே பெட்டியில்தான் நின்றது. கத்தரீனா முன்னால் குந்தியிருந்து, ஒரு கையை ஒரு கூம்பிலும் மறு கையை மற்றக் கூம்பிலும் வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோப்பா. கிழிஞ்சது கைக்குள்ளை குதிக்குது. நீங்கள் ஒட்டினது கல்லு மாதிரிக் கிடக்கு."

"கல்லு மாதிரித்தானே ஒட்டினனான்."

"உது அசைஞ்சால்தானே சத்தம் வரும்?"

கிறகோரி தானும் கையை வைத்துப் பார்த்தார். முப்பது வருசத்தில் முதல்தடவையாக, அசையாததுதான் பிழை என்று வந்து நின்றிருக்கிறது. கத்தரீனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சிரி, சிரி" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிறகோரி பூசிய ரெசினைப் பிரித்தெடுக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை. அது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கம்பி வாளின் அலகால் தன் கைவேலையைத் தானே சுற்றிவர அறுத்தார். கடதாசிக் கூம்பின் ஓரத்திலும் அரை விரலளவு சேர்ந்து போனது. வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு கூம்புகளும் ஓரம் இல்லாமல் வாய் பிளந்து கிடந்தன. சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான்.

சைக்கிள் ரியூப்பை வெட்டி வைத்துப் பார்த்தார், பாரமாக இழுத்தது. பழைய சாரத்துண்டை வைத்துப் பார்த்தார், துணிக்குள்ளால் காற்றுப் போனது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், காற்றும் போகக்கூடாது, மடங்கவும் வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் எங்கே இருக்கிறதென்று அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, கத்தரீனா ஆணியிலிருந்து குடையை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"இதை வெட்டுங்கோ."

"விசரே உனக்கு? புதுக் குடை."

"மூண்டு நாள் பிடிச்ச குடை. இனி உதோடை நான் றோட்டாலை போகமாட்டன். வெட்டுங்கோ."

அவர் தயங்கினார். நடக்கிறதுக்கென்று வாங்கியது அது. அதை வெட்டினால், என்றைக்காவது அவள் மறுபடி நடப்பாள் என்ற கடைசி நம்பிக்கையையும் வெட்டுகிற மாதிரி இருந்தது. கத்தரீனா பொறுக்காமல் கத்தரிக்கோலைத் தானே எடுத்துவிட்டாள்.

சோற்றுக் கோப்பையை வைத்து வெளிவட்டம் கீறினாள், சின்னக் கோப்பையை வைத்து உள்வட்டம். கிறகோரி இழுத்துப் பிடித்து ஒட்டப் போக, கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இறுக்கி ஒட்டாதையுங்கோ. சட்டையிலை கை தூக்க இடம் விடாட்டில் கம்முக்கட்டிலை கிழியும். கொஞ்சம் தொய்ய விடுங்கோ." தன் சட்டைகளைத் தானே தைக்கிறவள் சொன்னால் அதில் நியாயம் இருக்கும். சப்பாத்து ஒட்டுகிற பசையைப் பூசி, அவள் தொய்வு பார்த்துப் பிடிக்க அவர் ஒட்டினார். அரை விரல் குறைந்த கூம்புக்கு அகலமாக வேறொரு வளையம் வெட்ட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் பசை காய்ந்ததும், ஒரு ரோர்ச் பற்றரியின் இரண்டு முனைகளிலும் ஸ்பீக்கரின் வயர்களைத் தொட்டுப் பார்த்தார். கூம்பு "டப்" என்று ஒரு நெல்லளவு முன்னுக்கு வந்தது. வயரை எடுத்ததும் பின்னுக்குப் போனது. எங்கும் உரஞ்சவில்லை. மற்றதும் அப்படியே.

"அசையுது" என்றார் கிறகோரி. அவருடைய வாயில் அந்தச் சொல் சந்தோசமாக வந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஐஸ் எஞ்சின் தொடங்கியது. வாடியில் கத்தரீனா, லவீனா, இன்னும் இரண்டு பேர். கிறகோரி பெட்டிகளை வலைக்குவியலுக்கு இரு பக்கமும் ஏற்றி, பெண்களின் பக்கம் சற்றுத் திருப்பி வைத்துவிட்டு, போனைத் தட்டினார். பைலாவின் தாளம் எஞ்சினை மிதித்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே தகரம் அதிர்ந்தது. ஒரு பெட்டியின் தொனி மற்றதைவிடக் கொஞ்சம் கட்டையாகத்தான் இருந்தது. அது எந்தப் பெட்டி என்று கிறகோரியிடம் யாரும் கேட்கவில்லை. லவீனாவின் கால் தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து, எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர் நின்றார்கள். அடுத்த கிழமை பதினாலு. தாடையில் இடிபட்டவளும் இடித்தவளும் பக்கத்தில் பக்கத்தில் ஆடினார்கள். கிறகோரி வெளியே கவிழ்த்து வைத்த படகொன்றை உரஞ்சுகிற சாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். மனம் நிறைந்திருந்தது. அன்றைக்கு உரஞ்சிய இடத்தையே நாலு தரம் உரஞ்சினார்.

நவம்பர் கடைசியில் கிளினிக். ஓகஸ்ற் மாதம் இருநூற்றுப் பத்தாக இருந்த சீனி நூற்று நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. டொக்டர் பாதங்களை அழுத்திப் பார்த்து, "நல்லாய் நடக்கிறியள் போலை" என்றார். கத்தரீனா பொய் சொல்லவுமில்லை, உண்மையைச் சொல்லவுமில்லை. "ஓம் டொக்டர், கால் அசையுது" என்றுவிட்டுக் கிறகோரியைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

பஸ்ஸால் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை, அதன் கம்பிகள் மட்டும் வீட்டில் ஆணியில் தொங்கின, கத்தரீனா அதில் அடுப்படித் துணிகள் காயப்போடுகிறாள். ஒதுங்கி நிற்போம் என்று கிறகோரி சொல்லி முடிக்க முதல் அவள் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். சந்தியில் யாரோ ஒருத்தி கதவடியில் நின்று கேட்டாள்.

"மழைக்குள்ளை எங்கை போறியள்?"

"நடக்கிறன்" என்றாள் கத்தரீனா. நிற்கவும் இல்லை.

கிறகோரி இரண்டு தரம் கூப்பிட்டார். "கத்தரீனா, மெல்லப் போ. எனக்கு இளைக்குது."

"அப்ப நாளைக்கு வாடிக்கு வாங்கோ. பின்வரிசையிலை இடம் கிடக்கு" என்று திரும்பாமலே சொன்னாள்.

அவர் அவளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் அரை ஓட்டமாகப் போனார். இரண்டும் சேறு தெறிக்கத் தெறிக்க முன்னால் போய்க்கொண்டிருந்தன.