கேள்வி சாரின் மைக்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால், கல்வித் துறைத் தலைமை அலுவலகத்தின் கூட்ட அறையில் ஏசி குளிரையும் மீறி அவளுக்கு வியர்க்கும். அன்றைக்குத்தான் தலைமையாசிரியர்கள் எல்லாரும் திரையில் கூடுவார்கள். முந்நூறு சின்னக் கட்டங்கள், முந்நூறு முகங்கள். புதிதாக வந்த விதிகள், இனி வரப்போகும் விதிகள், போன மாதம் மாறி இந்த மாதம் பழையபடியே ஆகிவிட்ட விதிகள் எல்லாவற்றையும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வது கொள்கைப் பிரிவுத் துணை இயக்குநரான அவளுடைய வேலை. யார் மைக்கைத் திறப்பது, யார் மைக்கை அணைப்பது என்பதும் அவள் கையில்தான்.

அந்த முந்நூறில் ஒரு கட்டம் அவள் கணவருடையது.

ஊர்க் கோடியில் இருக்கும் ஆற்றங்கரைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். காலையில் ஒரே மேசையில் டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். பத்து மணிக்குத் திரையில் அவர் "வணக்கம் மேடம்" என்பார். அவளும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு "வணக்கம் சார்" என்பாள். எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கேள்வி சார்' என்று பட்டப்பெயர்.

அந்தச் செவ்வாயன்று நான்காவது பொருள் பள்ளி வேன். பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இனி அரசு வேன் கிடையாது. தூரத்தைக் கணினி வரைபடத்தில் நேர்கோடாக அளந்துகொள்ள வேண்டும். நாளை முதல் அமல். அவள் வாசித்து முடிக்கும் முன்பே அந்தக் கட்டத்தில் கை உயர்ந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் சிரித்தார். "வந்துட்டாரு கேள்வி சார். ஏன் மேடம், வீட்டுலயே கேட்டு முடிச்சுக்கக் கூடாதா?"

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். மைக்கைத் திறந்தாள்.

"வணக்கம். நேர்கோட்டுல அளந்தா எங்க பிள்ளைங்க நாப்பது பேர் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்லயே இருக்கு. ஆனா நடுவுல ஆறு ஓடுது. பாலத்தைச் சுத்தி வந்தா ஏழு கிலோமீட்டர். இதை முன்னாடியே உங்க பிரிவு மூலமா இயக்குநர் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தோம். பரிசீலனையில இருக்குன்னு..."

"என் கவனத்துக்கா?" என்று இயக்குநர் புருவத்தை உயர்த்தினார்.

அவள் யோசிக்கவே இல்லை. விரல்தான் யோசித்தது. மைக் அணைந்தது. திரையில் கணவரின் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் தன் கணினியைத் தட்டிப் பார்த்தார், கம்பியைப் பிடுங்கிச் செருகினார், கை விரித்தார்.

"தொடர்பு சரியில்லைபோல. அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றாள் அவள்.

விஷயம் இதுதான். வரைவு வந்த அன்றே அவர் வீட்டில் காகிதத்தில் ஆற்றை வரைந்து, பாலத்தை வரைந்து, அவளுக்குப் புரியவைத்திருந்தார். "நான் எழுதி அனுப்பினா அது கட்டோட கட்டா கிடக்கும். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். அவளும் "நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தாள். இரண்டு முறை இயக்குநர் அறை வரை போனாள். இரண்டு முறையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினாள். இணை இயக்குநர் பதவிக்கு அவள் பெயரை இயக்குநர்தான் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. புருஷன் பள்ளிக்கூடத்துக்காகச் சிபாரிசுக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டால்? வீட்டில் அவர் "சொன்னியா?" என்று கேட்டபோது, அடுப்பைப் பார்த்தபடியே "சொன்னேன், பரிசீலிக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்.

அன்று மாலை அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"பாழாப்போன நெட்டு, சரியான நேரத்துல காலை வாரிடுச்சு" என்றார் சாப்பிட உட்கார்ந்ததும். "உன்னை வேற இயக்குநர் முன்னாடி சங்கடத்துல விட்டுட்டேனா? பாவம், நீ எப்படியோ சமாளிச்சுட்ட."

கல்லூரியில் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். "நெட்டெல்லாம் இல்லப்பா. அம்மாதான் உங்களை மியூட் பண்ணியிருப்பாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போடி! வீட்டுல பண்ணுவா உங்கம்மா. ஆபீஸ்ல பண்ண மாட்டா."

அவள் குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள்.

மறுநாள் வேன் நின்றது. மாலையில் அவர் சட்டையெல்லாம் கசங்கி வீடு வந்தார். பெற்றோர் பள்ளி வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்களாம். நெட்டைச் சரிபார்க்க வந்த ஆளையும் அவர் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லைங்கறான். அங்கேருந்துதான் அணைச்சிருக்காங்கன்னு சாதிக்கறான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அவரைத் திட்டாதீங்க. அவர் சொன்னது நிஜம். நான்தான் அணைச்சேன்."

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இயக்குநர்கிட்ட நான் சொல்லவே இல்லைங்க. சொன்னேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். அது அங்க எல்லார் முன்னாடியும் வெளிய வந்துடுமோன்னு..."

அவர் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். மேசை மேல் கிடந்த கரண்டியை நேராக வைத்தார். பிறகு இன்னும் நேராக வைத்தார்.

"மியூட் பண்ணதுகூட போகட்டும்" என்றார். "பெத்தவங்ககிட்ட வேன் நிக்காதுன்னு நான் சொல்லிட்டேன். உன் வார்த்தையை நம்பி. ஒரு அம்மா பக்கத்து வீட்டு ஆட்டோவில இடம் பிடிச்சு வெச்சிருந்தாங்க. வேண்டாம், விட்டுடுங்கன்னு சொன்னதே நான்தான். இன்னைக்குக் காலையில பொண்ணை இடுப்புல தூக்கிக்கிட்டு பாலம் சுத்தி நடந்து வந்தாங்க."

"என்னை நல்லா திட்டுங்க."

"திட்டி என்ன ஆகப்போகுது?" அவர் எழுந்தார். "நீங்க போய்ப் படுங்க. மிச்சப் பாத்திரத்தை நான் கழுவிக்கறேன்."

இத்தனை வருடத்தில் வீட்டுக்குள் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வியாழன் காலை அவள் கைப்பையைக்கூடத் தன் மேசையில் வைக்காமல் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். ஆற்றையும் பாலத்தையும் சொன்னாள், தான் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள், மைக்கை அணைத்ததையும் சொன்னாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மேடம் இது? வரைவா இருக்கறப்பவே சொல்லியிருந்தா ஒரு வரி சேர்த்திருப்பேனே. அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷ வேலை! அதற்கு அவள் எத்தனை நாள் பயந்து செத்தாள். திட்டுவார் என்றுதான் தயாராக வந்திருந்தாள்.

"இப்ப போன உத்தரவை நிறுத்தணும்னா நான் மேல போய் நிக்கணும். உங்க பேரை அனுப்பற நேரத்துல இது..."

"பேரை அனுப்ப வேண்டாம் சார். வேனை அனுப்புங்க."

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தலைமையாசிரியர்களுக்கு நீங்கதான் விளக்கணும். நான் பக்கத்துல உட்கார மாட்டேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவசரக் கூட்டம். அதே முந்நூறு கட்டங்கள். அன்று ஒரு கையும் உயரவில்லை. ஆற்றங்கரைப் பள்ளியின் கட்டத்தில் அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கை உயர்த்தாத முதல் கூட்டம் அதுதான். பக்கத்தில் திரையைக் கவனித்துக்கொண்டிருந்த கணினிக்காரர்கூட அவள் காதருகே குனிந்து, "சாருக்கு உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை ஒரு தலைமையாசிரியர் கேள்வி கேட்டார்" என்று ஆரம்பித்தாள். "தொடர்பு சரியில்லைன்னு நான் சொன்னேன். தொடர்பு சரியாத்தான் இருந்தது. அவர் மைக்கை அணைச்சது நான். அவர் சொன்னதை நான் மேல கொண்டுபோகலை, அது தெரிஞ்சிடக் கூடாதுன்னு அணைச்சேன். சார், உங்க மைக் திறந்திருக்கு. கேளுங்க."

அவர் தொண்டையைச் செருமினார்.

"கேள்வி பழைய கேள்விதான் மேடம். பதிலை மட்டும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிடுங்க. பெத்தவங்களும் இங்கதான் இருக்காங்க."

கணினியைத் திருப்பி வைத்தார். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன் பெஞ்சில் ஒரு தாய், மடியில் சீருடையோடு ஒரு சின்னப் பெண்.

அவள் உத்தரவை வாசித்தாள். ஆறோ ரயில் பாதையோ குறுக்கிடும் பள்ளிகளில், சாலை வழியாக மறுபடி அளந்து முடிக்கும்வரை வேன் உண்டு. திங்கள் முதல் ஓடும்.

"அளந்த பிறகு?" என்றாள் அந்தத் தாய்.

'நான் பாத்துக்கறேன்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். "அளந்த பிறகு என்னன்னு எனக்கு இப்ப தெரியாதும்மா. தெரிஞ்ச அன்னைக்கே இதே மாதிரி எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அதைச் சொல்லும்போதே குரல் உடைந்து இருமல் வந்தது. நிற்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பவும் முடியாமல் இருமினாள்.

"தண்ணியைக் குடி முதல்ல. பக்கத்துலதானே இருக்கு!" என்று அறை முழுக்க ஒரு குரல் ஒலித்தது.

மைக் திறந்திருப்பதை அவர் மறந்துவிட்டார். முந்நூறு கட்டங்களிலும் சிரிப்பு வெடித்தது. அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். கண்ணீரா இருமலா என்று அவளுக்கே தெரியவில்லை. சிரிக்காமல் இருந்தது ஒரே ஒரு முகம்தான். முன் பெஞ்சில் அந்தத் தாய் குனிந்து, மகளின் கெண்டைக்காலை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை முழுசும் குடித்தாள்.

"மேடம், அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரே சத்தமா வருது. அணைச்சிடவா?" என்றார் கணினிக்காரர்.

"வேண்டாம்" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

பெஞ்சுகள் நகரும் ஓசையும் யார் யாரோ பேசும் குரல்களும் கேட்க, அவள் அடுத்த பொருளை வாசிக்கத் தொடங்கினாள்.