தீர்த்தக் கிண்ணம்

சித்திரை வெயிலில் டெங்குவா? தெரசம்மாளுக்குத் தெரிந்து அது ஐப்பசி மழைக்குப் பிறகு வருகிற காய்ச்சல். இப்போது வெயிலுக்கு நடுவிலேயே மழை கொட்டுகிறது, மறுநாளே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கொசுவுக்கு வருஷமெல்லாம் கொண்டாட்டம். மகன் டோனியோ கஞ்சிகூட இறங்காமல் கட்டிலில் சுருண்டு கிடந்தான்.

"பக்கத்து ஊட்டு மாடியில டயரு கெடக்குது. எதிர்த்த ஊட்ல தொட்டிக்கு மூடியே இல்ல. அதையெல்லாம் உட்டுட்டு என் ஊட்டையே சுத்திச் சுத்தி வர்றீங்களே!" என்று கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த ரஞ்சிதாவிடம் எரிந்து விழுந்தாள்.

"அங்கயும் பாத்துட்டுத்தானுங்க அக்கா வாரேன்."

தெரசம்மாள் விடவில்லை. குடங்களைக் கவிழ்த்துக் காட்டினாள். பிரிட்ஜின் பின்தட்டையும் இழுத்துக் காட்டினாள். "ஒரு சொட்டாவது இருக்குதா? சொல்லுங்க!"

ரஞ்சிதாவின் டார்ச் வெளிச்சம் வாசல் நிலையருகே, சிலுவைக்குக் கீழே மாட்டியிருந்த கிண்ணத்தில் போய் நின்றது. ஈஸ்டருக்குக் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். கொட்டினால் பாவம் என்று, குறையக் குறைய அதன் மேலேயே தண்ணீர் ஊற்றி வந்தவள் தெரசம்மாள்தான். அதில் புழுக்கள் நெளிந்தன.

"சாமித் தண்ணியாட்ட இருக்குது. நான் கொட்டட்டுங்களா, நீங்களே கொட்டறீங்களா?"

உள்ளேயிருந்து டோனி முனகினான்.

"அம்மா, மறுபடி கொதிக்குது. அந்தத் தீர்த்தத்தத் தொட்டு நெத்தியில சிலுவ போட்டு உடும்மா."