கரி படிந்த கல்

ஆயிரம் செங்கல்லுக்கு முப்பது ஷில்லிங். நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்தின் சஃபோக் பனியைத் தடுத்து நின்று, வெயில் நாட்டுப் பீச் மரத்தை ஏமாற்றிப் பழுக்கவைத்த தோட்டச் சுவருக்கு அன்று காலை சொன்ன விலை. அதையும் ஜேபஸ் காப் இருபத்திரண்டுக்கு இறக்கிவிட்டார். பழைய கட்டடங்களைப் பிரித்துச் செங்கல் விற்பவர். சர்ச் உண்டியலில் போட்ட காசுக்கும் சில்லறை கேட்பார் என்று ஊரில் பேச்சு.

"துரைமாருக்குப் பீச் கொடுத்த சுவர், மிஸ்டர் காப்" என்றார் எஸ்டேட் ஏஜென்ட் லாரிமர்.

"பழத்தை அவங்க தின்னாச்சு. கொட்டைக்கு என்கிட்ட விலை கேக்கறீங்க. கல் பூரா ஆணி ஓட்டை. வடக்குச் சுவர் உள்ளே பொள்ளல், புகை ஓடிக் கரி அப்பியிருக்கு. கரிக்கல்லுக்குப் பாதி விலைதான். மே மாசத்துக்குள்ள இடத்தைக் காலி பண்ணித் தர்றேன், அதுக்கும் கொஞ்சம் குறைங்க."

குறைத்தார்கள். கையெழுத்தும் ஆயிற்று.

லாரிமரிடம் ஜேபஸ் சொல்லாத ஒன்று உண்டு. அவருடைய ஒரே மகன் அல்பன், ஜெர்மன் போருக்கு முன் நாலு வருஷம் இந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தான். "மண்ணைச் சுட்டா காசு, கிண்டினா சேறு, போ" என்று அனுப்பியவர் அதன்பின் அவனோடு பேசவில்லை. பிரான்ஸுக்குப் போனவன் திரும்பவும் இல்லை. தன்னைப் பற்றி அவன் எப்போதாவது ஏதாவது சொன்னானா என்று யாரையாவது கேட்கத்தான் வந்தார். வாயைத் திறந்தால் பேரம்தான் வந்தது.

லாரிமர் வீட்டுக்குள் போனதும், வடக்குச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். விசிறிபோல் விரித்து ஆணியில் கட்டிய பீச் மரத்தில் இளஞ்சிவப்பு மொட்டு. நடுக்குளத்தில் வாளியை முக்கிக்கொண்டிருந்த தலைமைத் தோட்டக்காரர் பெக் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். இப்படித் தட்டுறவன் ஒருத்தன்தான் இங்க இருந்தான். நீங்க அல்பனோட அப்பாவா?"

ஜேபஸ் தொப்பியைக் கழற்றினார்.

"இந்தச் சுவருக்குப் பின்னால அடுப்பு இருக்கு. பூ விட்டப்புறம் பனி இறங்கினா நெருப்பு போடணும். சுவருக்குள்ள புகை பாம்பு மாதிரி வளைஞ்சு ஏறும். விரிசல் இருந்தா வெளிய வந்து பூவைக் கருக்கிடும். அவன் தட்டியே கண்டுபிடிப்பான். யாருப்பா கத்துக்கொடுத்ததுன்னு கேட்டேன். 'எங்கப்பா. அவர் காது பொய் சொல்லாது, வாய்தான் சொல்லும்'னான்." பெக் லேசாகச் சிரித்தார். "ஆசையாத்தான் சொன்னான். உள்ள இருக்கற கரியில பாதி அவன் போட்டது."

பாதி விலை சொன்ன கரி. ஜேபஸின் கை சுவரிலேயே இருந்தது.

"மரத்தைப் பெயர்த்து வைக்க முடியுமா?"

"இந்த வயசுல முடியாதுங்க. சுவர் போனா அதுவும் போச்சு. ஆகஸ்ட் வரைக்கும் விட்டா ஒரு காய்ப்பு பாக்கலாம்."

ஜேபஸ் வீட்டுக்குள் போனார்.

"மிஸ்டர் லாரிமர், கரிக்கல்லுக்கு முழு விலை போடுங்க. எல்லாக் கல்லுக்கும் ஆயிரத்துக்கு முப்பதே தர்றேன். சுவர் ஆகஸ்ட் வரைக்கும் நிக்கட்டும்."

லாரிமர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். "விலையை நீங்களே ஏத்தறீங்கன்னா உள்ளே புதையல் ஏதாவது இருக்கணும்."

"இல்ல. கரிதான்."

"மே மாசத்துக்குள்ள காலின்னு நீங்க சொன்ன தேதியை, இடம் வாங்கினவருக்கு இப்பத்தான் டெலிபோன்ல சொன்னேன்; அதை நம்பிக் கொத்தனாரை வரச்சொல்லிட்டார். அது நீங்களா கேட்டு வாங்கின நிபந்தனை. இனி என் கையில இல்ல."

தன் பேரத்தை உடைக்க ஜேபஸுக்கே வழி தெரியவில்லை. மே முதல் வாரத்தில் சுவர் இறங்கியது. மரத்தில் சுண்டைக்காய் அளவில் பிஞ்சு இருந்தது.

அவருடைய கிடங்குக் கணக்கில் அந்தப் பக்கம் இப்படி முடிகிறது. வந்த கல் நாற்பதாயிரம். விற்றது முப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மீதி ஆயிரத்து இருநூறு, கரிப்பக்கம் மழை படாமல் உள்நோக்கி அடுக்கி, தார்ப்பாய் போட்டது. விலை என்ற இடம் காலி.