சீல் வைக்காத மெஷின்

சாயங்காலத்துக்குள் சர்வரில் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மேலாளர். புதிதாக வந்து இறங்கியிருக்கும் கணினிகளுக்கு இமேஜ் தயார் செய்ய வேண்டுமென்றால், யாரும் தொடாமல் கிடக்கும் பழைய சுமை போயாக வேண்டும். "யாருதுன்னே தெரியாம ஒரு வி.எம். பெரிசா உக்காந்திருக்கு பாருங்க, அதைத் தூக்கிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டரில் கணினியைத் திறந்தாலும் ஒரே முகம்தான் தெரியும். அதற்குப் பெயர்தான் இமேஜ்; அந்த முகத்தைச் செய்வதுதான் அவள் வேலை. சர்வருக்குள்ளேயே நிழலாக ஒரு கணினியை, அதாவது ஒரு வி.எம்.மை, உருவாக்கி, வேண்டியதையெல்லாம் அதில் ஒருமுறை பக்குவமாக ஏற்றி, கடைசியில் சீல் வைப்பார்கள். சீல் வைத்ததும் அதன் பெயரும் அடையாளமும் அழிந்து போய்விடும். அப்புறம் அதைப் படியெடுத்து எத்தனை கணினியில் வேண்டுமானாலும் இறக்கலாம். இறங்கிய இடத்தில் ஒவ்வொன்றும் தனக்கொரு புதுப் பெயர் எடுத்துக்கொள்ளும். நிஜக் கணினியில் செய்தால் ஒரு தப்புக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நிழலில் அந்தத் தலைவலி கிடையாது. அவ்வப்போது ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், சொதப்பினாலும் அந்த நிமிஷத்துக்கே திரும்பிவிடலாம். குடும்ப விவகாரத்துக்கு மட்டும் இப்படி ஒன்றை எந்தப் புண்ணியவானும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு காலத்தில் இந்த வேலையை இரண்டு பேர் செய்தார்கள். மற்றவள் குருவி. ஓயாத வாய், அதனால் குருவி. ஸ்னாப்ஷாட்டுக்குப் பெயர் வைப்பது அவளுடைய ஏகபோக உரிமை. தேதி போட்டுத் தொலையேன் என்று தலையில் அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டாள். அழிப்பதற்காகத் திறந்த பட்டியலில் அவை இன்னும் வரிசையாக நின்றன: 'பிரிண்டர் ஒழிக', 'இதுதான் கடைசி', 'இதுதான் நிஜமா கடைசி', 'சத்தியமா கடைசி, நம்பு'. படித்துவிட்டு அவள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஏசி குளிருக்கு ஒரே போர்வையை இரண்டு பேரும் தோளில் இழுத்துக்கொண்டு வேலை பார்த்த அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக அவள் அப்புறம் இருந்ததே இல்லை.

குருவியை வீட்டுக்குக் கூட்டிப்போனது அவள்தான். அண்ணனுக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணத்தன்று குருவி அவள் காதைக் கடித்தாள்: "எனக்கும் சீல் வச்சுட்டாங்கடி. பேர் போச்சு. இனிமே நான் அண்ணி." அம்மாவுக்குப் பயந்து அவளும் அண்ணி என்றே கூப்பிடப் பழகினாள்; சர்வர் அறைக்குள்கூட அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. அண்ணனும் அண்ணியும் பிரிந்தார்கள். யார் மேல் தப்பு என்பதற்கு இன்றுவரை ஆளுக்கொரு கதை. குருவி வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனை எடுக்க எத்தனையோ தடவை கை போனது. எடுத்தால் என்னவென்று கூப்பிடுவது? அண்ணி என்றால் புண்ணில் குத்துவது. குருவி என்றால் நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி நடிப்பது. இந்த ஒரு சொல்லில் தடுக்கி ஏழெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படித்தான் நடந்தது.

பட்டியலின் கடைசிப் பெயர், 'அவ திரும்பி வந்ததும்'. சீல் வைக்காமலே நின்றுபோன அந்த நிழல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஸ்னாப்ஷாட்; திறந்தால் அன்றைக்குத் திரையில் இருந்தது அப்படியே தெரியும். அதைத் திறக்க இத்தனை நாள் அவளுக்குத் தைரியம் வரவில்லை. அழிக்கத்தானே போகிறோம் என்று இப்போது திறந்தாள்.

கீபோர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எதையாவது தட்டிப் பார்ப்பது வழக்கம். இரண்டு பேரும் ஆளுக்கொரு மேஜையிலிருந்து அதே மெஷினுக்குள் புகுந்து, தட்டித் தட்டியே வம்பளப்பார்கள். திரையில் குருவி தட்டிய கடைசி வரி அப்படியே இருந்தது: "டீ குடிக்கப் போலாமா? உன்கிட்ட பேசணும்." பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அண்ணன் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அம்மா போனில் அலறினாள். அவள் திரையைக்கூடப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாலு நாள் கழித்து வேலைக்குத் திரும்பியபோது குருவி அங்கே இல்லை. குருவி அவளுக்காகக் காத்திருந்து, அந்த நிமிஷத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் போனை எடுத்துக் குருவியின் நம்பரைப் போட்டாள்.

"ஹலோ?"

"நான்... நான்தான்."

"தெரியுது. உன் நம்பர் இன்னும் இருக்கு. சொல்லு."

"நம்ம பழைய மெஷினை அழிக்கச் சொல்லிட்டாங்க. திறந்து பார்த்தேன். டீ குடிக்கக் கூப்பிட்டிருக்க. இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

 

"அதை அழிச்சுத் தொலை முதல்ல" என்றாள் குருவி.

"சரி." அவள் அழித்தாள்.

"உங்கண்ணன் போனான். சரி, எங்களுக்குள்ள ஒத்து வரலை. நீ ஏண்டி போன?"

"உன்னை என்னன்னு கூப்பிடறதுன்னு தெரியலை."

"அதுக்காகவா? இத்தனை வருஷமா?" என்றாள் குருவி. "ஏய்னு ஒரு குரல் குடுத்திருந்தாப் போதுமே. ஓடி வந்திருப்பேனே."

"ஏய்" என்றாள் அவள். அதற்குமேல் பேச முடியாமல் இரண்டு பேரும் அழுதார்கள்.